ரெய்டின் நடுவில் அறுபடும் இணைப்பு: பழுதை எங்கே தேடுவது?

கேள்வி கேட்டவர் வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் மூன்றாவது மாடிக் குடியிருப்பில் வசிக்கும் கல்லூரி மாணவர். ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற இணையவழி விளையாட்டை அமெரிக்கச் சர்வர் ஒன்றில் ஓராண்டாக விளையாடி வருகிறார். பிங், அதாவது ஒரு தகவல் சர்வருக்குப் போய்ப் பதில் திரும்பி வர ஆகும் நேரம், எப்போதும் 250 மில்லிநொடியை ஒட்டியே இருக்கிறது. இரவு 9 மணிக்கு மேல், எட்டுப் பேர் சேர்ந்து பாஸை, அதாவது பெரும் எதிரியை, எதிர்கொள்ளும் ரெய்டின் நேரம் பார்த்து, 90002 என்ற பிழை எண்ணுடன் இணைப்பு அறுந்துவிடுகிறது. தன்னால் மற்ற ஏழு பேரும் தோற்பது அவருக்குப் பெரும் வேதனையாக இருக்கிறது. நண்பர்கள் புதிய கணினி வாங்கச் சொல்கிறார்கள். கேபிள்காரர் 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறச் சொல்கிறார். எதைச் செய்வது என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, இந்த இரண்டு செலவையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் பல ஆண்டுகள் பிரவுசிங் சென்டர் நடத்தியவன். இன்றும் வடசென்னை வீடுகளுக்குச் சென்று இணைய இணைப்பையும் கணினியையும் சரிசெய்து தருகிறவன். இதே விளையாட்டில் ஒயிட் மேஜாக, குழுவின் உயிரைக் காக்கும் பொறுப்பை ஏற்று ஆடுகிறவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்களுக்கு இருப்பவை இரண்டு தனித்தனித் தொல்லைகள். பிங் 250 ஆக இருப்பது தூரத்தின் விளைவு. அதைப் பழுது என்று சொல்ல முடியாது. இரவு 9 மணிக்கு மேல் இணைப்பு அறுவதுதான் பழுது, அது பெரும்பாலும் உங்கள் வீட்டுக்குள்ளோ, வீட்டுக்கும் தெருமுனைக்கும் இடையிலோ இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, ஒன்றுக்கு வாங்க வேண்டிய மருந்தை மற்றொன்றுக்கு வாங்கிப் பணத்தை இழந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. சென்னையையும் சிங்கப்பூரையும் வங்கக் கடலுக்கு அடியில் 2002 முதல் இணைத்துவரும் ஐ2ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். போய்வர 6,400 கிலோமீட்டர் என்றால், நடுவில் எந்தக் கருவியும் ஒரு கணம்கூடத் தாமதிக்காவிட்டாலும் 32 மில்லிநொடி ஆகும். இந்த விளையாட்டின் வட அமெரிக்கச் சர்வர்கள் 2017 முதல் கலிபோர்னியாவில் இருக்கின்றன. அந்தக் கரை சென்னையிலிருந்து நேர்கோட்டிலேயே சுமார் 14,000 கிலோமீட்டர்; போய்வர 140 மில்லிநொடி. கடலடிக் கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை. தீவுகளையும் தரைநிலையங்களையும் சுற்றிக்கொண்டுதான் போகின்றன. வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கிறது. ஆகவே நீங்கள் பார்க்கும் 250 வியப்புக்குரியதே அன்று. 300 எம்பிபிஎஸ் திட்டம் குழாயை அகலப்படுத்துமே தவிரக் கடலைச் சுருக்காது. இத்தகைய விளையாட்டு நொடிக்கு 1 மெகாபிட்டைக்கூட எட்டுவதில்லை. நீங்கள் இப்போது வைத்திருக்கும் திட்டமே அதற்குப் பல மடங்கு அதிகம்.

அந்த 250 மில்லிநொடி ஆட்டத்தில் எந்த இடத்தில் உறுத்துகிறது என்று தெரிந்துகொண்டால் பாதித் தொல்லை குறையும். ஃபைனல் ஃபேன்டசி 14-இல் முக்கியத் தாக்குதல்களுக்கு இடையே அடிப்படையாக 2.5 நொடி இடைவெளி உண்டு. அந்த இடைவெளிக்குள் இரண்டு சிறு திறன்களைச் செருகுவதே தேர்ந்த ஆட்டக்காரர்களின் வழக்கம். ஆனால் எந்தத் திறனை அழுத்தினாலும் சர்வரிடமிருந்து பதில் வந்து, அதன்பின் ஏறத்தாழ 0.6 நொடி கழிந்த பிறகே அடுத்ததை அழுத்த முடிகிறது. உங்கள் நிலையில் ஒவ்வோர் அழுத்தமும் 0.25-உம் 0.6-உம் சேர்த்து 0.85 நொடி எடுக்கிறது. ஒரு முக்கியத் தாக்குதலும் இரண்டு செருகல்களும் சேர்ந்தால் 2.55 நொடி, அதாவது 2.5 நொடி இடைவெளியைத் தாண்டி, அடுத்த தாக்குதல் தள்ளிப்போகிறது. பிங் 60 உள்ளவருக்கு அதே மூன்றும் 1.98 நொடியில் முடிந்துவிடும். உங்கள் விரல் மெதுவானது என்று நீங்கள் வருந்திய இடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஒரு செருகலோடு நிறுத்தினால் 1.7 நொடியில் முடிந்து, தாளம் கெடாமல் ஆட்டம் ஓடும். ஆகவே சர்வரை மாற்றும்வரை இரட்டைச் செருகலை விட்டுவிடுங்கள்.

வேடத்தையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுக்கலாம். மெஷினிஸ்ட் போன்ற வேடங்களில் குறிப்பிட்ட கட்டத்தில் தாக்குதல் இடைவெளியே 1.5 நொடியாகக் குறைந்து, அதற்குள்ளும் செருக வேண்டியிருக்கும். அது தூரத்துச் சர்வரில் ஆடுபவரைத் தண்டிக்கும் வேடம். மந்திரத்தை நின்று ஓதும் வேடங்களில் செருகலே குறைவு என்பதால் பாதிப்பும் குறைவு. இந்த விளையாட்டில் ஒரே பாத்திரத்தை வைத்து எல்லா வேடங்களையும் வளர்க்க முடியும் என்பதால், மாறுவதற்காக எதையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இன்னொன்றையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: பாஸின் தாக்குதல் உங்கள் மேல் பட்டதா இல்லையா என்பது பெரும்பாலும் அதன் மந்திரப் பட்டை நிறையும் கணத்தில் முடிவாகிவிடுகிறது, நெருப்பும் வெடிப்பும் திரையில் தெரிவது அதற்குப் பிறகுதான். நெருப்பைப் பார்த்து ஓடுபவர் ஏற்கெனவே அடிபட்டவர். பட்டையைப் பார்த்து, அது நிறைவதற்கு அரை நொடி முன்பே வட்டத்தை விட்டு வெளியேறுபவருக்கு 250 மில்லிநொடி ஒரு பொருட்டே ஆகாது.

இனிச் சர்வரை மாற்றும் யோசனை. இதில் பிங்கை மட்டும் பார்ப்பது தவறு. எந்த நேரத்தில் அங்கே ஆள் இருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். நமக்கு இரவு 9 மணி என்றால், கோடைக் காலத்தில் நியூயார்க்கில் காலை 11.30 மணி, அமெரிக்கர்கள் வேலையிலோ படிப்பிலோ இருக்கிறார்கள். அவர்கள் இரவு 8 மணிக்கு ரெய்டு தொடங்கினால் நமக்கு விடியற்காலை 5.30. ஜப்பானியர்கள் இரவு 8 மணி முதல் 11 மணி வரை ஆடும் நேரம் நமக்கு மாலை 4.30 முதல் 7.30 வரை, கல்லூரி முடிந்து வீடு திரும்பும் மாணவருக்கு அது மிகவும் பொருந்தும். ஐரோப்பாவில் கோடைக் கால இரவு 8 மணி நமக்கு 11.30, மறுநாள் காலை வகுப்பு இருப்பவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தூரத்திலும் டோக்கியோ நமக்கு நெருக்கம். சிங்கப்பூர் வழியே கணக்கிட்டால் சுமார் 8,200 கிலோமீட்டர்தான். அதன் இயற்பியல் எல்லை 82 மில்லிநொடி. நடைமுறையில் 100-ஐத் தாண்டினாலும், இப்போதைய எண்ணில் பாதியை ஒட்டி நிற்க வாய்ப்புண்டு. மொழி ஒரு தடை என்பது உண்மை. ஆயினும் ஜப்பானியச் சர்வர்களில் ஆங்கிலம் பேசும் குழுக்களும் இருக்கின்றன.

பாத்திரத்தை வேறு சர்வருக்குக் கொண்டுசெல்லக் கட்டணம் உண்டு என்பதால் அதற்கு முன் சோதித்துப் பாருங்கள். 70-ஆம் நிலை வரை காலக்கெடு இல்லாமல் ஆட இலவசச் சோதனைக் கணக்கு 2023 அக்டோபர் முதல் கிடைக்கிறது. உங்கள் கணக்கைத் தொடாமல், தனியாக ஒரு சோதனைக் கணக்கில் ஜப்பானியச் சர்வரில் ஒரு பாத்திரத்தை உருவாக்கி, ஒரு வாரம் உங்கள் வழக்கமான நேரத்தில் ஆடிப் பாருங்கள். விளையாட்டு ஓடும்போது விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரில் நெட்வொர்க் பகுதியைத் திறந்தால், அந்த விளையாட்டின் இணைப்புக்கு நேராகத் தாமதம் மில்லிநொடிக் கணக்கில் தெரியும். அந்த எண்ணை நம்புங்கள். கண்ட இணையதளங்கள் காட்டும் பொதுவான பிங் எண்கள் உங்கள் சர்வரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

இப்போது உண்மையான பழுதுக்கு வருகிறேன். முதலில் பழுது இணைய வலையிலா கணினியிலா என்று பிரித்தறிய வேண்டும். உங்கள் பாத்திரம் நீங்கள் நகர்த்தியபடி நகர்ந்துகொண்டிருக்க, மற்றவர்கள் மட்டும் சிலையாக நின்றோ, நின்ற இடத்திலேயே நடந்துகொண்டோ இருந்தால் அது வலை. திரை முழுவதும், மவுஸ் குறியோடு சேர்ந்து, தத்தித் தத்தி நகர்ந்தால் அது கணினி. நீங்கள் விவரித்த 90002 என்பது சர்வருடனான இணைப்பு போய்விட்டது என்பதைத் தெரிவிக்கும் எண். இணைப்பைத் தாங்கும் வழியில் எங்கோ அடைப்போ அறுப்போ நேர்ந்திருக்கிறது. கணினி மாற்றினால் அது போகாது.

இன்று இரவு 8.45 மணிக்குக் கட்டளைச் சாளரங்கள் மூன்றைத் திறந்து, மூன்றிலும் நிற்காமல் ஓடும் பிங்கைத் தொடங்கிவிடுங்கள். முதலாவது உங்கள் ரவுட்டருக்கு. அதன் முகவரி பல வீடுகளில் 192.168.1.1 என்று இருக்கும். இரண்டாவது உங்கள் இணைய நிறுவனத்தின் முதல் ரவுட்டருக்கு. தகவல் கடந்து செல்லும் ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையை ஓட்டினால் உங்கள் வீட்டு ரவுட்டரை அடுத்து வரும் முகவரி அது. மூன்றாவது தூரத்தில் உள்ள ஏதேனும் ஒரு பொதுச் சர்வருக்கு. அதன்பின் வழக்கம்போல் விளையாடுங்கள். இணைப்பு அறுந்ததும் மூன்று சாளரங்களையும் பாருங்கள். ரவுட்டருக்கான பிங் 1, 2 என்று இருந்தது திடீரென 80, 200 என்று எகிறியோ, பதிலே இல்லாமலோ போயிருந்தால் பழுது உங்கள் வீட்டு வைஃபையில். முதலாவது சரியாக இருந்து இரண்டாவது தடுமாறினால் பழுது வீட்டு வாசலுக்கும் கேபிள்காரருக்கும் இடையில். முதல் இரண்டும் சீராக இருந்து மூன்றாவது மட்டும் கெட்டால், பழுது நிறுவனத்தின் வெளிவழியிலோ கடலிலோ. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் யார் சொல்லும் தீர்வையும் ஏற்காதீர்கள், நான் சொல்வதையும் சேர்த்து.

டிரேஸ்ரூட்டைப் படிப்பதில் ஓர் எச்சரிக்கை தேவை. வழியின் நடுவில் ஓரிடத்தில் நட்சத்திரக் குறிகளோ, பெரிய எண்ணோ தெரிந்தால் பலர் அதையே குற்றவாளி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். நடுவழி ரவுட்டர்களில் பல, கடந்து செல்லும் போக்குவரத்தை உடனே அனுப்பிவிட்டு, தம்மைக் கேட்கும் பிங் கேள்விகளுக்கு மட்டும் மெதுவாகப் பதில் சொல்லும் வகையில் அமைக்கப்பட்டவை. அந்த இடத்தில் தொடங்கிய இழப்பு கடைசி வரி வரை தொடர்ந்தால் மட்டுமே அது பொருட்படுத்தத்தக்கது.

உங்கள் குடியிருப்பைப் பொறுத்தவரை, முதல் சாளரத்தில்தான் பழுது தெரியும் என்பது என் ஊகம். இரவு 9 மணி என்பது அந்தத் தொகுதியில் எல்லா வீட்டிலும் ஆட்கள் திரும்பி, எல்லாத் தொலைக்காட்சியும் கைப்பேசியும் வைஃபையில் ஓடும் நேரம். பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான். ஒரு தொகுதியில் முப்பது ரவுட்டர்கள் அந்த மூன்றுக்குள் நெருக்கியடித்தால் என்ன ஆகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டுவதில் அது பலவீனமானது. ரவுட்டர் கூடத்திலும் நீங்கள் உள்ளறையிலும் இருந்தால், மடிக்கணினி இரண்டு அலைவரிசைகளுக்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கும். அந்தத் தாவலின் ஓரிரு நொடி போதும், ரெய்டிலிருந்து உங்களை வெளியே தள்ள. இதற்கு மிகச் சிறந்த தீர்வு மிகப் பழைய தீர்வுதான்: ரிச்சி தெருவுக்குப் போய், இரு முனையிலும் பிளக் பொருத்திய கேட் 6 லேன் கேபிளைத் தேவையான நீளத்துக்கு வாங்கிச் சுவரோரமாக இழுத்துவிடுங்கள். வாங்கும்போது முழுச் செம்புக் கம்பியா என்று கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கம்பி சீக்கிரம் ஒடியும்.

லேன் கேபிள் போட்ட பிறகும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அது மிகவும் முக்கியம். நான் காசிமேட்டில் குடியிருந்தபோது, ஜன்னலோரம் இருந்த என் கணினியின் இணைப்பு சில மாதங்களாக அவ்வப்போது அறுந்துகொண்டிருந்தது. ரவுட்டரை மாற்றினேன், விண்டோஸை மறுபடியும் நிறுவினேன், பயனில்லை. கடைசியில் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தபோது அதன் ஊசிகளில் பச்சைப் பூச்சு படிந்திருந்தது. கடற்காற்றின் உப்பு செய்த வேலை. அதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய அடையாளம் இருக்கிறது என்பதைப் பின்னர்தான் புரிந்துகொண்டேன். 1 கிகாபிட் வேகத்துக்குக் கேபிளின் எட்டுக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். இரண்டு பக்கமும் கிகாபிட் கருவிகளாக இருந்தும் விண்டோஸ் இணைப்பின் வேகத்தை 100 என்று காட்டினால், ஏதோ ஒரு கம்பி தொடர்பை இழந்துவிட்டது என்று பொருள்.

வைஃபையும் கேபிளும் சரியாக இருந்தும் இரவில் மட்டும் பிங் எகிறினால், வீட்டில் உள்ள கைப்பேசிகளைக் கவனியுங்கள். வேலையிலிருந்து திரும்பியவரின் கைப்பேசி வீட்டு வைஃபையில் இணைந்ததும், அன்று எடுத்த படங்களையும் காணொளிகளையும் தானாகவே மேகச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்குகிறது. ஏற்றும் பாதை நிரம்பினால், உங்கள் விளையாட்டின் சிறு பேக்கெட்டுகள் அந்தப் பெரிய வரிசையின் பின்னால் நிற்க வேண்டியதுதான். பிங்கை ஓடவிட்டு, கைப்பேசியில் ஒரு பெரிய காணொளியை ஏற்றிப் பாருங்கள். எண் இருமடங்கு, மும்மடங்கு ஆனால் காரணம் தெரிந்துவிட்டது. அந்தக் காப்பெடுப்பை இரவு 2 மணிக்கு மாற்றுங்கள், அல்லது ரவுட்டரில் வசதி இருந்தால் ஏற்றும் வேகத்தை மொத்தத்தில் 85 முதல் 90 விழுக்காடு வரை என்று கட்டுப்படுத்துங்கள்.

இரண்டாவது சாளரத்தில் பழுது தெரிந்தால் ஃபைபர் பெட்டியைப் பார்க்க வேண்டும். எல்ஓஎஸ் என்று எழுதிய சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளியே வரவில்லை. அது எரியாதபோதும் ஒளி பலவீனமாக இருக்கலாம்; பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் பெறும் ஒளித்திறன் என்று ஓர் எண் இருக்கும். அது மைனஸ் 15-க்கும் மைனஸ் 25 டிபிஎம்முக்கும் இடையில் இருந்தால் நலம். மைனஸ் 27-ஐ நெருங்கினால் இணைப்பு எந்த நேரத்திலும் விழும். நம் பகுதியில் ஃபைபர் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி தொங்கிக்கொண்டு வருகிறது. கைப்பிடிச் சுவரின் விளிம்பில் கூர்மையாக மடிந்த ஒரே ஒரு வளைவு போதும், ஒளி கசிய. வேகம் குறைவு என்று புகார் செய்தால் கேபிள்காரர் பெரிய திட்டத்தை விற்பார். ஒளித்திறன் மைனஸ் 27 என்று எண்ணைக் காட்டினால் ஆளை அனுப்பி இணைப்பை மறுபடியும் பற்றவைப்பார்.

மூன்றாவது சாளரத்துப் பழுதுக்கு நம் கையில் தீர்வு அதிகமில்லை. 2025 செப்டம்பரில் செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது ஐரோப்பாவை நோக்கிய போக்குவரத்து வேறு வழிகளில் சுற்றிப்போக நேர்ந்தது. அத்தகைய வாரங்களில் பொறுத்திருப்பதே வழி. நாள்தோறும் இரவில் மட்டும் வெளிவழி கெட்டால், விபிஎன் (இணைப்பை வேறொரு சர்வர் வழியாகக் கொண்டுசெல்லும் சேவை) அல்லது வழிமாற்றும் சேவையின் இலவச நாட்களில் சோதித்துப் பாருங்கள். நெரிசலான வழியைத் தவிர்க்க அது சில வேளைகளில் உதவும். வழி ஏற்கெனவே நன்றாக இருந்தால் அது பிங்கைக் கூட்டவே செய்யும். வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் உங்கள் கணினிக்கு அனுப்பும்படி அமைக்கும் போர்ட் ஃபார்வர்டிங்கைச் செய்யச் சொல்லும் அறிவுரையை விட்டுவிடுங்கள். இத்தகைய விளையாட்டில் உங்கள் கணினிதான் சர்வரைத் தேடிப் போகிறது, வெளியிலிருந்து யாரும் உங்களிடம் வருவதில்லை. இரண்டு திறன்களுக்கு இடையே காக்கவைக்கும் 0.6 நொடிப் பூட்டைக் குறைத்துத் தருவதாகச் சொல்லும் வெளிநிரல்களையும் தொடாதீர்கள். அவை விதிமீறல், ஓராண்டு வளர்த்த கணக்கு அதனால் முடக்கப்படலாம்.

கணினியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் உங்கள் பழுது அங்கே இருப்பதாகத் தெரியவில்லை. எண்ணூர், மணலி பக்கமிருந்து வரும் தூசி விசிறியில் படிந்து, கத்திரி வெயிலில் மடிக்கணினி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வது நம் பகுதியில் வழக்கம். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்தால் போதும்.

மின்தடைக்கு மட்டும் ஒரு சிறு செலவு செய்யுங்கள். ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்குமான 12 வோல்ட் சிறு யுபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. வாங்கும் முன் இரண்டு கருவிகளின் அடாப்டரிலும் எழுதியுள்ள வோல்ட், ஆம்பியர் எண்களைக் குறித்துக்கொண்டு போங்கள். கேபிள்காரரின் நிலையத்திலிருந்து உங்கள் வீடுவரை உள்ள ஒளிப்பிரிப்பான்களுக்கு மின்சாரம் தேவையில்லை என்பதால், அவர் நிலையத்தில் மாற்று மின்சாரம் இருந்தால் தெருவே இருண்டிருக்கும்போதும் உங்கள் இணைப்பு ஓடும். மடிக்கணினியின் பேட்டரி ஒரு ரெய்டை முடித்துத் தரும்.

பழுது சரியாகும்வரை குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு ஆடுங்கள். இன்று என் இணைப்பு நம்பகமாக இல்லை, அடியைத் தாங்கும் டாங்க்காகவோ உயிர் காக்கும் ஹீலராகவோ என்னை வைக்காதீர்கள் என்று ஒரு வரி எழுதினால் யாரும் கோபிக்க மாட்டார்கள். தாக்குபவர்களில் ஒருவர் விழுந்தால் குழு சமாளித்துக்கொள்ளும், டாங்க் விழுந்தால் எட்டுப் பேரும் விழுவார்கள்.

மூன்று இரவுகள் அந்த மூன்று சாளரங்களையும் ஓடவிட்டு, அறுந்த நேரம், அப்போது ஒவ்வொன்றிலும் தெரிந்த எண், ஃபைபர் பெட்டியின் ஒளித்திறன் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்த பிறகு லேன் கேபிள் போதுமா, கேபிள்காரரை அழைக்க வேண்டுமா என்பதைத் திட்டமாகச் சொல்கிறேன்.